மாமனார் விட்டுப்போன துப்பாக்கிகளுக்கு மெருகு போடலாமா?

கேள்வி: ஓஹாயோவில் இருக்கிறோம். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கர். மார்ச் மாதம் மாமனார் தவறிவிட்டார். அவர் வைத்திருந்த இரண்டு பழைய கைத்துப்பாக்கிகள் எங்களுக்கு வந்திருக்கின்றன. ஒன்று 1880களில் செய்த கோல்ட் ரிவால்வர், குழலில் 'ஃப்ரான்டியர் சிக்ஸ் ஷூட்டர்' என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று 1917 என்று பொறித்த லூகர் பிஸ்டல், கணவரின் தாத்தா முதல் உலகப்போர் முடிந்து கொண்டுவந்தது. இரண்டும் நிறம் போய்க் கிடக்கின்றன. 800 டாலர் கொடுத்தால் புதுசு மாதிரி ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் கூடுதல் விலை கிடைக்குமா? சுடவும் பயன்படுமா?

பதில்: தயவுசெய்து அந்த 800 டாலரைக் கொடுத்துவிடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துப் பழகியவர்கள் நாம், மங்கலாக எதைப் பார்த்தாலும் கை தானாகத் துணியைத் தேடும். ஆனால் இந்த இரண்டு பொருளுக்கும் காசு கொடுப்பவர்கள் அந்த மங்கலுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

உங்கள் கோல்ட்டின் குழலில் இடப்பக்கம் உள்ள அந்த எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் காலத்து ரிவால்வர்களில் அதை அச்சுக்குத்தி அடிக்கவில்லை, அமிலத்தால் லேசாக அரித்து எழுதினார்கள். பாலிஷ் சக்கரத்தில் ஒரு முறை காட்டினாலே போதும், போய்விடும், யாராலும் அதே எழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. லூகரிலும் அப்படித்தான்: குழலில் வரிசை எண்ணைச் சுற்றி மெல்லிய வெளிறிய வளையம் தெரிகிறதா, விசை வைக்கோல் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இருந்தால் பழைய மெருகு அப்படியே இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். புதிதாக நீலம் ஏற்றினால், அதாவது எஃகுக்குக் கருநீல மெருகு கொடுத்தால், அந்த வளையம் மறைந்துவிடும், கூர்மையான விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகளின் ஓரம் குழிந்துவிடும். சேகரிப்பாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் விலை பாதிக்குப் பாதி இறங்குவது சர்வசாதாரணம். என்னிடம் ஒரு குடும்பம் வந்தது, ஆசை ஆசையாகப் புதுப்பித்துக் கொண்டுவந்தார்கள், பழைய படத்தையும் புதிய துப்பாக்கியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

மெருகு போடுவதில் தப்பே இல்லாத இடமும் உண்டு. ஏற்கெனவே யாராவது ஒரு தடவை மெருகு மாற்றியிருந்தால், துரு ஆழமாகத் தின்றிருந்தால், வேறு வேறு துப்பாக்கியின் பாகங்கள் கலந்திருந்தால் இழக்க பெரிதாக ஒன்றும் இல்லை. அப்போதும் போட்ட செலவு விலையில் திரும்பும் என்று நம்பவேண்டாம்.

சுடுவதற்கு வருகிறேன். மெருகுக்கும் சுடும் தகுதிக்கும் சம்பந்தமே கிடையாது. 1880களின் கோல்ட், கரும்பொடி என்ற பழைய வெடிமருந்து நிரப்பிய தோட்டாவுக்காகச் செய்தது. இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லாப் பொடிக்குக் கோல்ட் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்ததே 1900 வாக்கில்தான். இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவை அதில் போடவே போடாதீர்கள். துப்பாக்கியின் உடற்சட்டத்தின் பழைய நிறத்தைத் திரும்ப வரவழைக்கிறேன் என்று சூடேற்றினால் அது வளையவும் கூடும். லூகரில் சின்னப் பாகங்களில்கூட எண் இருக்கும். சுடும்போது ஒன்று உடைந்து வேறு போட்டால் 'எல்லா எண்ணும் ஒன்று' என்ற மதிப்பு அன்றோடு சரி.

இனி வரி. மாமனார் இறந்த தேதியில் இருந்த சந்தை மதிப்புதான் உங்களுக்கு அடக்கவிலை. கோல்ட்டுக்கு அன்று 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம், 6,500க்கு விற்றால் 500க்குத்தான் லாபவரி, அதுவும் சேகரிப்புப் பொருள் என்பதால் அதிகபட்சம் 28%. ஆகவே பழைய துப்பாக்கி தெரிந்த ஒரு மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கான மதிப்பை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கட்டணம் கட்டினால் கோல்ட் நிறுவனமே தன் பதிவேட்டைப் பார்த்து, அந்த ரிவால்வர் எப்போது எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதம் தரும், அதையும் கேளுங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி 1898 வரை செய்தவைதான் பழம்பொருள். கோல்ட் அதில் வரும், லூகர் வராது, உரிமம் இல்லாத வேறு மாநிலத்துக்காரருக்கு விற்றால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவே போகவேண்டும்.

லூகர் தோல் உறைக்குள் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். மெல்லிய எண்ணெய் தொட்ட மிருதுவான துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். உறையைத் தூக்கிப் போடவேண்டாம், தாத்தாவின் ராணுவக் கடிதம், படம் ஏதாவது இருந்தால் சேர்த்து வையுங்கள், அவற்றுக்கும் வாங்குபவர் தனியாகக் காசு கொடுப்பார்.