மாடியில் இருக்கிறது வேலை

அன்புள்ள ஐயா,

என் மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். சோலார் பேனல் பொருத்தக் கற்றுத்தரும் சூர்யமித்ரா பயிற்சியில் சேரட்டுமா என்று கேட்கிறான். பக்கத்தில் கமுதியில் அவ்வளவு பெரிய சோலார் வந்தது. எங்கள் தெருவிலிருந்து அங்கே போனவர்கள் எல்லாம் சில மாதத்தில் திரும்பிவிட்டார்கள். இதில் நிலையான வேலை உண்டா?

க., அருப்புக்கோட்டை

அன்புள்ள க.,

கமுதியில் நீங்கள் பார்த்தது உண்மைதான். 2016இல் அந்த 648 மெகாவாட் நிலையத்தை எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். உச்சத்தில் 8,500 பேர் வரை வேலை செய்தார்கள். இரும்புக் கால் நட்டு, 25 லட்சம் பேனல்களை முடுக்கியதோடு அந்த வேலை தீர்ந்தது. இப்போது பேனலில் படியும் தூசியைக்கூட இயந்திரம்தான் துடைக்கிறது. கட்டும்போது கிடைக்கிற சில மாதக் கூலியையும் வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்த்துச் சொல்வது, நம்பி வருகிற பையன்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதற்காகத் துறையையே ஒதுக்கிவிடாதீர்கள். அதே 648 மெகாவாட்டை வீட்டுக்கு 3 கிலோவாட் என்று வைத்தால் 2,16,000 மாடிகள் ஏற வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் ஒயரிங், இன்வெர்ட்டர், எர்த்திங் எல்லாம் தனித்தனி. பழுது வந்தால் உள்ளூர் ஆள்தான் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டு மாடியில் சோலார் வைக்க மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் இலக்கு 1 கோடி வீடுகள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். உங்கள் மகனுக்கான வேலை அங்கே இருக்கிறது.

எங்கள் வீட்டு மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். பேனல் வைத்த இரண்டாவது கோடையில் கருகல் வாடை வந்தது. பார்க்க வந்த தம்பி, ஒயர்களை இணைக்கும் கனெக்டர் ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பிளாஸ்டிக் உருகி, உள்ளே செம்பு கறுத்திருந்தது. "கிரிம்பிங் டூல் இல்லாம கட்டிங் பிளேயரால நசுக்கியிருக்காங்க சார். லூசா இருந்து சூடேறியிருக்கு" என்றார். ஒயர் முனையைக் கனெக்டரில் இறுக்கிப் பிடிக்க வைக்கும் கருவிதான் கிரிம்பிங் டூல். வீட்டுக்கு வரும் ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில் எழும் பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடும், ஏனென்றால் அது நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. பேனலிலிருந்து ஒரே திசையில் வரும் டி.சி.க்கு அந்த இடைவெளியே கிடையாது, பொறி பற்றினால் நின்று எரியும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்கவும் முடியாது. அன்றைக்கு அந்தத் தம்பி வராமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

அதனால் சூர்யமித்ராவில் சேரட்டும். மூன்று மாதம், 600 மணி நேரம். ஒயரிங் தெரியாத பையனுக்கு அது போதாது. இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படித்தவனுக்குப் போதும். சேருமுன் அந்த மையத்துக்கு நீங்களே ஒருமுறை போய் வாருங்கள். கிரிம்பிங் டூல் எத்தனை இருக்கிறது, பையன்கள் எத்தனை நாள் நிஜ மாடியில் ஏறுகிறார்கள் என்று கேளுங்கள். புரொஜெக்டரைக் காட்டினால் வேறு மையம் பாருங்கள்.

உயரத்துக்கு அஞ்சாதவன் என்றால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளும் உண்டு. அங்கே போல்ட் முடுக்கவும் கியர் ஆயில் பார்க்கவும் வருடம் முழுக்க ஆள் ஏற வேண்டும். காற்று சீசன் மே மாதம் பிடித்துவிடும். விசாரிக்கப் போவதானால் அதற்கு முன்பே போகச் சொல்லுங்கள்.