1260 நாட்கள் என்றால் 1260 ஆண்டுகளா?

கேள்வி: இணையவழி வேத வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் (வெளிப்படுத்தல்) வரும் 1260 நாட்களை ஆண்டுகளாக மாற்றினால் உலக முடிவின் ஆண்டு தெரிந்துவிடும் என்கிறார் ஆசிரியர். அதற்கான ‘மறைவான திறவுகோல்’, தனிக் கட்டணம் செலுத்தும் அடுத்த நிலையில்தான் தரப்படுமாம். அவர் காட்டும் கணக்குகள் பொருந்தத்தான் செய்கின்றன. மகனின் மேற்படிப்பைத் தள்ளிப்போடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு எழுந்துவிட்டது. நம்பலாமா?

பதில்: மகனைப் படிக்க அனுப்புங்கள். அடுத்த நிலைக்குப் பணம் கட்டாதீர்கள்.

அந்தத் திறவுகோல் உங்கள் கையிலுள்ள வேதாகமத்திலேயே இருக்கிறது. ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று வெளிப்படுத்தலின் முதல் அதிகாரமும், வலுசர்ப்பம் சாத்தான் என்று 12-ஆம் அதிகாரமும், தண்ணீர்கள் ஜனக்கூட்டங்கள் என்று 17-ஆம் அதிகாரமும் தாமே விளக்கிவிடுகின்றன. விளக்கப்படாத அடையாளங்களில் பெரும்பாலானவை பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. தானியேல் 7-இல் சிங்கம், கரடி, சிவிங்கி (சிறுத்தை), பத்துக் கொம்புள்ள பெயரில்லாத மிருகம் என நான்கு தனித்தனியாகக் கடலிலிருந்து எழும்புகின்றன. வெளிப்படுத்தல் 13-இல் அவை சிவிங்கி, கரடி, சிங்கம் என்று தலைகீழ் வரிசையில், பத்துக் கொம்புகளோடு ஒரே மிருகமாகின்றன. இதை எழுதிய யோவானின் காலத்து வாசகருக்கு இதில் ரகசியம் ஏதுமில்லை. பழைய கொடுங்கோன்மைகள் அனைத்தும் ஒரே உருவில் திரும்பி வந்திருப்பதை அவர்கள் உடனே உணர்ந்திருப்பார்கள். எகிப்தின் வாதைகள் 8, 16-ஆம் அதிகாரங்களில் மீண்டும் வருவதும் இதே முறைதான்.

இனி உங்கள் 1260-க்கு வருவோம். வெளிப்படுத்தலில் வரும் நாற்பத்திரண்டு மாதம், 1260 நாள், ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும் (ஒன்று, இரண்டு, அரை ஆண்டு) ஆகிய மூன்றும் ஒரே அளவுதான். மாதத்துக்கு முப்பது நாள் என்று பெருக்கினால் மூன்றரை ஆண்டு கிடைக்கும். 11-ஆம் அதிகாரத்தில் இரண்டு சாட்சிகள் தீர்க்கதரிசனம் சொல்லும் அந்த 1260 நாட்களும் மழை பெய்யாதபடி வானத்தை அடைக்கிறார்கள். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலியாவின் காலத்தில் மழையற்றுப் போனதும் மூன்றரை ஆண்டுகளே என்று லூக்கா 4:25-உம் யாக்கோபு 5:17-உம் சொல்கின்றன. ஆகவே இந்த எண், நாட்காட்டியில் குறித்துவைக்கத் தரப்பட்டதன்று. எலியாவை நினைவூட்டவும், துன்பம் முழுமையைக் குறிக்கும் ஏழு என்ற எண்ணை எட்டாமல் பாதியிலேயே முறிந்துவிடும் என்று ஆறுதல் சொல்லவும் தரப்பட்டது.

‘ஒரு நாள் ஒரு வருஷம்’ என்று வேதமே சொல்லவில்லையா என ஆசிரியர் கேட்பார். சொல்கிறது, அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எண்ணாகமம் 14:34-இல் கானானை வேவு பார்த்த நாற்பது நாளுக்கு இஸ்ரவேலருக்கு நாற்பது ஆண்டு தண்டனை. எசேக்கியேல் 4-இல் தீர்க்கதரிசி 390 நாளும் பின்பு 40 நாளும் ஒருக்களித்துப் படுக்கிறார். இரண்டிலும், நாளுக்கு ஆண்டு என்று அந்தப் பகுதியே வெளிப்படையாக அறிவிக்கிறது. வேறெங்கும் நாமாக மாற்றிக்கொள்ள அனுமதி தரவில்லை. தானியேல் 9-இன் எழுபது வாரங்களையும் காட்டுவார்கள். அங்கே எபிரேயத்தில் இருப்பது ‘ஏழுகள்’ என்று பொருள்படும் சொல். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் தானியேல் எரேமியா முன்னறிவித்த எழுபது ஆண்டுகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பதால், ஏழாண்டுத் தொகுதிகளாக அதைக் கொள்வது இயல்பு. அடுத்த அதிகாரத்தில் மூன்று வாரம் துக்கம் கொண்டாடியதைச் சொல்லும்போதோ, அதே சொல்லோடு ‘நாட்கள்’ என்ற சொல்லும் எபிரேயத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆக, அங்கே நாள் ஆண்டாக மாறவில்லை. மாற்றியே தீரவேண்டும் என்பவர், சிமிர்னா சபைக்குச் சொல்லப்பட்ட பத்து நாள் உபத்திரவத்தையும், யோனா மீனின் வயிற்றிலிருந்த மூன்று நாளையும் ஏன் மாற்றுவதில்லை?

கணக்கு பொருந்துவதில் வியப்பில்லை. தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கணக்குப் போடுபவரிடமே இருந்தால் எதுவும் பொருந்தும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கி, தானியேல் 8:14-இன் 2300 நாட்களை ஆண்டுகளாக்கி, கி.மு. 457-இலிருந்து எண்ணி கிறிஸ்துவின் வருகைக்கு 1843–44-ஐக் குறித்தார். அது கடந்ததும் அவருடைய இயக்கத்தினர் 1844 அக்டோபர் 22 என்று திருத்தினர். பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். பிறகு அதே ஆண்டு அக்டோபர் 21 என்றார். தேதி சொன்னவர்கள் திருத்தம் சொல்லத் தயங்கியதே இல்லை. அவர்களை நம்பி உடைமைகளை விற்றவர்களுக்குத்தான் திருத்தம் கிடைப்பதில்லை. எபிரேய எழுத்துகளைச் சம இடைவெளியில் தாண்டித் தாண்டிப் படித்து இன்றைய தலைவர்களின் பெயர்களைக் கண்டெடுக்கும் ‘குறியீட்டு’ வியாபாரமும் இந்த வகையைச் சேர்ந்ததே. நீளமான எந்த நாவலிலும் அப்படிப் பெயர்கள் அகப்படும்.

இவ்வளவுக்கும் இடம் கொடுத்தது யார் என்று எண்ணினால் எனக்குக் கோபமே வருகிறது. பைசாந்திய மரபின் (கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் போன்ற சபைகளின்) வழிபாட்டு வாசிப்பு அட்டவணையில் வெளிப்படுத்தலுக்கு இடமில்லை. மற்ற சபைகளில் பலவும் முதல் மூன்று அதிகாரங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. இறையியல் கல்லூரிகளில் எலியாவையும் மூன்றரை ஆண்டையும் முறையாகக் கற்றவர்கள் மேடை ஏறியதும் மௌனமாகிவிடுகிறார்கள். அந்த மௌனத்தில்தான் இந்த இடைத்தரகர்கள் கடை விரிக்கிறார்கள்.

உங்கள் ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: அவர் எண்ணத் தொடங்கும் ஆண்டை எந்த வசனம் குறிப்பிடுகிறது? பதில் வரும்வரை வீட்டில் 1 இராஜாக்கள் 17, 18 அதிகாரங்களையும் வெளிப்படுத்தல் 11-ஐயும் ஒரே அமர்வில், சத்தமாக வாசியுங்கள். மகனும் உடன் இருக்கட்டும். அவனுடைய விண்ணப்பத்தின் கடைசி நாளையும் தவறவிட்டுவிடாதீர்கள்.