சாண்டா ஃபேயில் வாங்கும் டர்க்காய்ஸ் நகை முதலீடாகுமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மதுரையில் வசிக்கிறோம். ஆகஸ்டில் அமெரிக்கா சென்று, டல்லஸில் உள்ள மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கப்போகிறோம். அக்டோபர் முதல் வாரத்தில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே, தாவோஸ் ஆகிய மலையூர்களுக்கு நான்கு நாள் அழைத்துப்போவதாக மகள் சொல்கிறாள். ஓவியர்களும் கைவினைஞர்களும் நிறைந்த ஊர்களாம். எங்கள் பங்காக 2 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். அதில் 1 லட்சத்துக்கு அங்கே விற்கும் வெள்ளி, டர்க்காய்ஸ் (நீலப்பச்சைக் கல்) நகைகளை வாங்கினால் பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு.

பதில்: முதலீடு என்ற கணக்கில் அந்த நகையில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அதன் விலையில் வெள்ளியின் பங்கு சிறியது. மீதியெல்லாம் கல்லுக்கும் கைவேலைக்கும் கொடுப்பது. மதுரையில் விற்கப்போனால் கல்லைக் கழித்துவிட்டு எடை போடுவார்கள், கைவேலைக்கு மதிப்பே கிடைக்காது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு, அவசரத்துக்கு விற்க முடியாத பொருள் சேமிப்பாகாது. வெள்ளியில் பணம் போடத்தான் ஆசை என்றால் இங்கேயே வெள்ளி இடிஎஃப் (வெள்ளி விலையை ஒட்டி, பங்குபோல் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) வாங்கலாம்.

அதற்காக வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 20,000 ரூபாய்க்குள், நீங்கள் அணிந்து மகிழ ஒன்றிரண்டு வாங்குங்கள். சாண்டா ஃபேயின் நடுச்சதுக்கத்தில் பழைய ஆளுநர் மாளிகை இருக்கிறது. அதன் நீண்ட தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கைவினைஞர்கள் சுவரோரமாகத் துணி விரித்து, மோதிரமும் வளையலும் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு எந்த இடம் என்பதைக் காலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். தாமோ தம் வீட்டாரோ செய்ததை மட்டுமே விற்க வேண்டும் என்பது அங்கே விதி. கடைக்காரரின் லாபம் நடுவில் இல்லை, செய்தவரிடமே பேசவும் முடிகிறது. நகையின் பின்பக்கத்தைத் திருப்பி, செய்தவரின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி 92.5 தரமா, கல் இயற்கையானதா அல்லது பிசின் ஏற்றி இறுக்கியதா என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், நேர்மையானவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். ‘நிக்கல் சில்வர்’ என்று எழுதியிருந்தால் அதில் வெள்ளி துளியும் கிடையாது, நம் ஊர் ஜெர்மன் சில்வர்தான் அது. பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே கடையில் வாங்கினால் செய்தவர் பெயரையும் அவருடைய இனக்குழுவையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஊர் திரும்பும்போது சுங்கத்திலும் ரசீது தேவைப்படலாம். நகைக்கான தனிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்குத்தான். மூன்று மாதப் பயணிகளுக்கு அது பொருந்தாது.

உங்கள் பணத்தை உண்மையில் கரைக்கப்போவது தேதி. அக்டோபர் முதல் சனிக்கிழமையை ஒட்டி, அதே மாநிலத்தின் பெரிய நகரமான ஆல்புகர்க்கியில் ஒன்பது நாள் பலூன் திருவிழா நடக்கிறது. வட்டாரம் முழுக்க அறை வாடகை ஏறிவிடும், விமானக் கட்டணமும் சும்மா இருக்காது. செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பிற்பகல் இடிமழைக் காலம் அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், பகல் இதமாக இருக்கும். இரவில் ஸ்வெட்டர் வேண்டும். சாண்டா ஃபேயில் அறை வாடகைமேல் வரிகள் மட்டுமே 15 சதவீதத்தை ஒட்டி வரும். இணையத்தில் முதலில் தெரியும் தொகையை நம்பாமல், வரி சேர்த்த மொத்தத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள். உணவகத்தில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம், அதையும் கணக்கில் சேருங்கள். நீங்கள் சைவம் என்றால், பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இனி உங்கள் கணவரைப் பற்றி. சாண்டா ஃபே சுமார் 2,190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய ஊட்டியின் உயரம். ஆனால் ஊட்டியின் ஈரப்பதம் அங்கே இல்லை. வறண்ட காற்று, சுள்ளென்ற வெயில், நம்மை அறியாமலே உடலில் நீர் வற்றிவிடும். டல்லஸ் சமவெளி ஊர். அங்கிருந்து சில மணி நேரத்தில் அந்த உயரத்துக்கு ஏறினால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். முதல் நாளை ஓய்வுக்கு விடுங்கள். நான்கு நாளில் மூன்று இரவையும் சாண்டா ஃபேயிலேயே தங்கி, மூன்றாம் நாள் தாவோஸுக்குப் போய்வருவது செலவுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. ஒரு வழிக்கு 110 கிலோமீட்டர்தான். ஆல்புகர்க்கியில் இறங்கி வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால், மகளின் கார் காப்பீடே வாடகைக் காருக்கும் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். செல்லுமானால் கவுன்டரில் தினசரிக் காப்பீட்டுக்கு இன்னொரு முறை பணம் கட்ட வேண்டியதில்லை.

தாவோஸில் யுனெஸ்கோ 1992-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பூர்வகுடிக் குடியிருப்பைத் தவறவிடாதீர்கள். மண்ணால் எழுப்பிய அடுக்கு வீடுகள் அவை. இன்றும் மக்கள் வாழும் இடம் என்பதால் சடங்கு நாட்களில் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரிக்க வேண்டும். யாரையும் அனுமதி கேட்காமல் படமெடுக்கக் கூடாது. களிமண் அடுப்பில் சுட்ட ரொட்டி விற்பார்கள். சில்லறை டாலர் நோட்டுகளோடு போங்கள்.

மற்ற இடங்களில் கார்டு போதும். ஆனால் இந்திய வங்கிகளின் பல கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரையிலும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. 100 ரூபாய்க்கு 4 ரூபாய்க்கு மேல் போய்விடும். இந்தக் கட்டணம் இல்லாத கார்டோ, டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோ வாங்கிக்கொள்ளுங்கள். கடை இயந்திரம் “ரூபாயிலா, டாலரிலா” என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

நகைக்கு ஒதுக்கியதில் மிஞ்சும் 80,000 ரூபாயில் முதல் செலவு பயணக் காப்பீடாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கும் சேர்த்து, இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே எடுங்கள். விண்ணப்பத்தில் ரத்த அழுத்தத்தையும் மருந்துகளின் பெயரையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். ஏற்கெனவே உள்ள நோயால் வரும் அவசரச் சிகிச்சைக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்ற வரியைப் பாலிசியில் தேடிப் படியுங்கள். தாவோஸ் சின்ன ஊர். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் ஆல்புகர்க்கிக்குக் கொண்டுபோக நேரலாம், ஆகவே அவசர மருத்துவப் போக்குவரத்தும் பாலிசியில் சேர்ந்திருக்க வேண்டும். பிரீமியம் சில ஆயிரம் கூடினாலும் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.