திரைக்கு இப்பால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘மெய்யழகன்’ படத்தை அண்மையில்தான் வீட்டில் பார்த்தேன். எனக்குத் தஞ்சாவூர் தெரியாது, அங்கே உறவினரும் இல்லை. பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றதெல்லாம் சிங்கப்பூரின் தங்ளின் ஹால்ட்டில்தான். ஆனாலும் தொடக்கத்தில் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்யும் இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. என் மகனோ, “படத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே அம்மா” என்கிறான். இருவரில் யார் பார்வையில் கோளாறு?
– வாசகி, டாசன்

பதில்: நிகழ்ச்சிகளை எண்ணினால் உங்கள் மகன் சொல்வது சரிதான். 1996இல் பூர்வீக வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, பல ஆண்டுகள் கழித்துத் தங்கை முறையுள்ள புவனாவின் திருமணத்துக்கு ஊர் வருகிறான். “அத்தான், அத்தான்” என்று ஒட்டிக்கொள்ளும் ஓர் உறவினரோடு ஓரிரவு தங்குகிறான். அவ்வளவு அன்பைக் கொட்டுகிறவரின் பெயர் நினைவுக்கு வரவில்லை, கேட்கவும் கூச்சம். கதை இவ்வளவுதான். ஆனால் மணமேடையில் புவனா கண்களை மூடிக்கொண்டு நிற்க, தான் வாங்கி வந்த நகைகளை அருள் ஒவ்வொன்றாக அவளுக்கு அணிவிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பேச வேண்டியதையெல்லாம் கைகள் பேசிவிடுகின்றன. அதை ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கண்ணீருக்குக் காரணம் தஞ்சாவூரைவிட அருகில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2014இல் தங்ளின் ஹால்ட் வட்டாரத்தில் 31 புளோக்குகள், பழைய அடுக்குமாடி வீடுகளை அரசு எடுத்துக்கொண்டு மறுமேம்பாடு செய்யும் செர்ஸ் திட்டத்தின்கீழ் எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த பலரும் பக்கத்திலேயே, இப்போது நீங்கள் இருக்கும் டாசனில், புதிய வீடுகளுக்கு மாறினார்கள். அருளின் குடும்பம் சொத்துத் தகராறில் வீட்டை இழந்தது. அதனால் அவனுக்குக் கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. நமக்கு யாரும் தீங்கு செய்யவில்லை. இழப்பீடு கிடைத்தது, மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்கிறது, சமையலறையும் புதியது. குற்றம் சாட்ட ஆள் இல்லாத இழப்பை யாரிடமும் சொல்லி அழ முடியாது. பழைய கீழ்த்தளத்தில் மாலை நேரத்தில் உட்கார்ந்து பேசியவர்கள் இப்போது எந்த புளோக்கில், எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று தெரியாமலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. உங்களுக்கும் அவர்களுள் சிலரின் பெயர் மறந்திருக்கும். படம் தொட்ட இடம் அதுவாக இருக்கலாம்.

வெளிவந்த சில நாள்களிலேயே, படம் நீளம் என்ற முணுமுணுப்புக்காகச் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். என்னைக் கேட்டிருந்தால் விட்டுவிடச் சொல்லியிருப்பேன். விருந்தாளியை விடிய விடியப் பேசவைக்கும் கதையில் நேரம் பார்ப்பது மரியாதையாகாது.

கேள்வி: உட்லண்ட்சிலிருந்து வேலைக்குப் போகும் ரயில் பயணத்தில் ‘கொட்டுக்காளி’ பார்த்தேன். பின்னணி இசையே இல்லாததால் பொறுமை போய், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன். முடிவும் விளங்கவில்லை. இதையா விழாக்களில் கொண்டாடினார்கள்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஐயா, குற்றம் படத்தினுடையதன்று. பெர்லின் திரைப்பட விழா வரை போய்வந்த அந்தப் படத்தில் இசைக்குப் பதிலாக ஆட்டோவின் இரைச்சலும், சேவலின் சிறகடிப்பும், மீனாவை மணக்கவிருக்கும், தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்ட பாண்டியின் கரகரத்த குரலும் இருக்கின்றன. மீனா ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பிப் பூசாரியிடம் அழைத்துப் போகிறவர்கள்தான் ஓயாமல் பேசுகிறார்கள். வேகத்தைக் கூட்டினால் அவர்கள் பேச்சாவது ஓரளவு மிஞ்சும், அவளுடைய மௌனம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். படமோ அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது; வீறாப்பாக வந்த ஆண்கள் திகைத்து நிற்கும்போது, ஒரு சிறுமி வந்து அதைச் சர்வசாதாரணமாக ஓட்டிச் செல்கிறாள். அந்த இடத்தில் “சிரியுங்கள்” என்று சொல்ல இசை இல்லை. தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் கதவைத் திறப்பதற்குள் மூன்று முறை இடி முழங்கிவிடுவதால், நாமாக உணர்கிற பழக்கம் நமக்குக் குறைந்துபோயிருக்கிறது.

முடிவைப் பொறுத்தவரை, பூசாரி இன்னொரு பெண்ணை நடத்தும் விதத்தைப் பாண்டி பார்க்கிறான். அதற்குப் பிறகு மீனாவை உள்ளே அழைத்துப் போவானா, திரும்பிப் போவானா என்பதை இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் காட்டவில்லை. நான் அவன் திரும்பியிருப்பான் என்றே வைத்துக்கொண்டேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு உங்கள் முடிவை எழுதுங்கள்.

கேள்வி: வசந்தம் ஒளிவழியின் உள்ளூர் நாடகங்களில் வரும் தமிழ் கலப்படமாக இருக்கிறதே? தமிழகத் தொடர்களின் தமிழ் எவ்வளவோ மேல் என்று என் மாமியார் சொல்கிறார்.
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் மாமியார் கடைக்குப் போகும் மகனிடம் “தபாவ் பண்ணிட்டு வா” (பொட்டலம் கட்டி வாங்கி வா) என்று சொன்னதே இல்லையா? அந்தச் சொல் நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெகுநாளாகிறது. அண்மையில் ஓர் உள்ளூர் நாடகத்தில், மருத்துவமனைப் படுக்கையருகே மகள் தந்தையிடம் செய்தித்தாள் தமிழில் மன்னிப்புக் கேட்டாள். அந்தக் காட்சியில் என் மனம் ஒட்டவே இல்லை. கலப்படத்தைவிட அந்த விறைப்புதான் எனக்கு உறுத்துகிறது. ஆனால் ஒரு வாக்கியத்தின் நான்கு சொற்களில் மூன்று ஆங்கிலமாக இருந்தால், அங்கே நான் உங்கள் மாமியார் கட்சி.

கேள்வி: ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ படத்துக்கு 80 வயது அம்மாவைத் துணையாக வைத்துக்கொள்ளலாமா? அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள்.
– வாசகர், பிடோக்

பதில்: தாராளமாக. இலங்கையிலிருந்து படகில் வந்து, பேச்சுவழக்கு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அஞ்சி அக்கம்பக்கத்தாரிடம் வாய் திறக்கத் தயங்கும் குடும்பத்தின் கதை அது. சிரிக்கவும் இடமுண்டு. நடிகர்களின் உச்சரிப்பை அம்மா இடையிடையே திருத்துவார். படத்தைச் சற்று நிறுத்தி, அவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.