கைக்கட்டையும் கோலும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. தஞ்சாவூரில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிக் கருவி வடிவமைப்பு என்று ஒரு விருப்பப் பாடம் இந்தப் பருவத்தில் வந்திருக்கிறது. ‘இதை வைத்து வேலை கிடைக்குமா? செயற்கை நுண்ணறிவை எடு’ என்கிறார்கள் நண்பர்கள். சென்ற ஆண்டு நாங்கள் பார்வையற்றோருக்காக, எதிரே ஏதாவது இருந்தால் ஒலி எழுப்பும் கோல் ஒன்றைச் செய்து கல்லூரிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு நாங்களே நடந்து சோதித்தோம். இதற்கு மேல் அந்தப் பாடத்தில் எனக்கு என்ன கிடைக்கும்? படிக்க வேண்டிய நூல்களையும் சொல்லுங்கள்.

எஸ்., மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

வேலை கிடைக்குமா என்பதைக் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரிடம் கேளுங்கள். நூல் பட்டியல் இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைச் சும்மா உட்கார விடாத வரி வேறு: ‘கண்ணைக் கட்டிக்கொண்டு நாங்களே நடந்து சோதித்தோம்.’

தம்பி, தஞ்சாவூரில் பார்வையற்றவர் ஒருவர்கூடவா உங்களுக்குக் கிடைக்கவில்லை? கண்ணைக் கட்டிய இருபது வயதுப் பையன் ஐந்து நிமிடம் இருட்டில் தடுமாறுவான், பிறகு துணியை அவிழ்த்துவிடுவான். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அப்படித் தடுமாறுவதில்லை. டீக்கடைச் சத்தத்தையும் எண்ணெய்க் கடை வாசனையையும் வைத்துத் தெருமுனை எது என்று தெரிந்து திரும்புகிறவர் அவர். அவர் கையில் உங்கள் கோல் ஓயாமல் கீச்சிட்டால், பின்னால் வரும் பஸ்ஸின் சத்தம் அவர் காதில் எப்படி விழும்? இந்த ஒரு கேள்வி உங்கள் நடுவர்களுக்கும் தோன்றவில்லையே என்று கோபமாக வருகிறது.

தில்லி ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்மார்ட்கேன் கோலைப் பாருங்கள். அது கைப்பிடி அதிர்வதன் மூலம் சொல்கிறது, காதைத் தொந்தரவு செய்வதில்லை. தரையில் கிடப்பதைச் சாதாரண வெள்ளைக் கோலே தட்டிக் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிடிபடாதவை முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பவை: திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, சாலையோரம் நிற்கும் டிராக்டர் டிரெய்லரின் பின்பலகை, தாழ்ந்த மாமரக் கிளை. ஸ்மார்ட்கேன் தேடிச் சொல்வது இவற்றைத்தான். அதுவும் மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கியதே. 2014இல் வெளிவருவதற்கு முன்பு பார்வையற்றவர்களின் கைகளில் ஆண்டுக்கணக்கில் புழங்கித் திருத்தப்பட்டது.

இதைப் பற்றி நான் வெகுநாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் என் அத்தைக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் போய்விட்டன. ஒரு முகாமில் அவருக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். மாலை, புகைப்படம் எல்லாம் உண்டு. தரையோடு தரையாக நகர்கிறவருக்கு வண்டியின் இருக்கை தோள் உயரத்தில் இருந்தது. ஏற்றிவிட ஆள் வேண்டும், இறக்கிவிட ஆள் வேண்டும். வாசலில் படிகள். தெருமுனை வாய்க்காலைக் கடக்கப் போட்டிருந்த கல் பாலம் அந்த வண்டியின் அகலத்துக்குப் போதாது. ஐப்பசி பிறந்தால் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், கையால் சுற்றவே முடியாது. சில மாதங்களில் வண்டியின் மேல் வைக்கோல் ஏறிவிட்டது. ‘உன் வீட்டு வாசல் எப்படி இருக்கும் அம்மா?’ என்று கொடுத்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அத்தை கடைசிவரை புழங்கியது ஊர் ஆசாரி செய்து தந்த கைக்கட்டைகளைத்தான். இஸ்திரிப் பெட்டி போலப் பிடி வைத்த இரண்டு மரக்கட்டைகள், கையால் ஊன்றி நகர்வதற்கு. ஆசாரி முற்றத்து ஓரமாக உட்கார்ந்து, அத்தை அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊன்றும்போது கட்டையின் வெளிவிளிம்புதான் முதலில் தரையில் படுகிறது என்று கண்டு, அந்த விளிம்பைச் சாய்வாக இழைத்தார். நனைந்த கல் தரையில் வழுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டயரை வெட்டி அடியில் ஆணி அடித்தார். பிடி தடிமனாக இருக்கிறது, விரல் மடங்கவில்லை என்று அத்தை திருப்பி அனுப்பினார். இழைத்துக் கொண்டுவந்தார். ஆணித் தலை தரையைக் கீறுகிறது என்று மறுபடி அனுப்பினார். முகம் சுளிக்காமல் அதையும் சரிசெய்து கொண்டுவந்தார்.

இந்தப் பாடத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது இப்படித் திருப்பி அனுப்பும் ஒரு மனிதர். மற்றப் பாடங்களில் உங்கள் விடையைத் திருத்தும் பேராசிரியர் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு வாழ வேண்டியவர் அல்லர். 1993இல் அமெரிக்காவில் பிலிப்ஸ், ஜாவ் என்ற இருவர், உதவிக் கருவிகள் பெற்ற 227 பேரிடம் விசாரித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 29.3 விழுக்காடு கருவிகள் அடியோடு கைவிடப்பட்டிருந்தன. அவர்கள் கண்ட காரணங்களுள் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவரின் கருத்தைப் பொருட்படுத்தாதது. என் அத்தையின் வண்டி எந்தக் கணக்கிலும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜெய்ப்பூர் பாதம் என்ற செயற்கைப் பாதத்தை மருத்துவர் பி.கே.சேத்தியோடு சேர்ந்து உருவாக்கிய ராமச்சந்திர சர்மா பொறியியல் படித்தவர் அல்லர், கைவினைஞர். அன்றைய மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் காலணிக்குள் போவதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பொருத்திக்கொண்டு குந்தி உட்கார முடியாது, சம்மணமிட முடியாது, வெறுங்காலோடு ஈர வயலில் இறங்க முடியாது. ரப்பரில் செய்த ஜெய்ப்பூர் பாதம் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. நடவு வயலில் இறங்கினால்தான் அன்றைக்குக் கூலி என்றிருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று டெல்டாக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று வருந்தாதீர்கள். யாரும் கேட்காமலேயே உங்களுக்கு அப்படி ஒரு கோல் செய்யத் தோன்றியதே, அந்த மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன்.

பாடத்தை எடுங்கள். முதல் வாரமே அந்தக் கோலோடு, அதைப் பிடித்து நடக்கக்கூடிய ஒருவரிடம் போங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், படம் எடுக்காதீர்கள். கையில் கொடுத்துவிட்டு, அவர் வழக்கமாகப் போகும் வழியில் கூடவே நடங்கள். மழை நாளிலும் ஒருமுறை போங்கள். வேண்டாம் என்று அவர் திருப்பிக் கொடுத்தால் காரணத்தைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எனக்கு எழுதுங்கள். நூல்களைப் பற்றி அப்போது பேசுவோம்.

அன்புடன்.