தண்ணீர்க் கேள்விகள்: சாம்பல் குட்டைக்குப் பக்கத்துக் கிணறு

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், குடிநீர் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற வேதியியலாளர்.)

கேள்வி: எண்ணூருக்கு வடக்கே, அனல்மின் நிலையச் சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கொஞ்ச காலமாகக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது. தண்ணீர் கெட்டுவிட்டது என்கிறார் மாமியார். நீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 640தான் காட்டுகிறது, பயமில்லை என்கிறான் மகன். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் மாமியார் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் பாதி ஓட்டுதான்.

பருப்பு வேகாததற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். அவை கூடியிருக்கின்றன என்பதை அவர் அடுப்படியிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதைவிட முக்கியம், முன்பு வெந்த பருப்பு இப்போது வேகவில்லை என்று சொல்கிறாரே, அது. ஆய்வகத் தாளில் ஒரு நாள் தண்ணீர்தான் இருக்கும். கிணறு எப்போது மாறியது என்று அது சொல்லாது.

இன்னொன்றையும் வீட்டிலேயே பாருங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வண்டல் கலங்காமல் மேலாக இறுத்துச் சோப்புப் போடுங்கள். நுரைத்தால் அது கொதியில் படிந்துபோகும் கார்பனேட் வகை. பல ஊர்க் கிணறுகளில் இருப்பதுதான். அப்போதும் நுரைக்காவிட்டால் சல்பேட்டோ குளோரைடோ இருக்கிறது. நிலக்கரிச் சாம்பலிலிருந்து நீரில் இறங்குவதில் கால்சியம் சல்பேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

உடனே சாம்பல்தான் என்று முடிவுகட்ட வேண்டாம், கடலும் பக்கத்தில் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குக் குளோரைடு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம், சல்பேட் 2,700. ஏழுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிணற்றில் குளோரைடு 200 இருந்து அத்தனையும் கடலிலிருந்தே வந்தது என்றாலும், கூடவே வந்த சல்பேட் 28 அளவில்தான் இருக்க வேண்டும். தாளில் 150 என்று வந்தால் மிச்சம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. உரமாகவும் இருக்கலாம், சாக்கடையாகவும் இருக்கலாம். அதனால் போரானையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பலிலிருந்து சுலபமாகக் கரைந்து வருவது அது. குட்டைக்கு எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கும் ஒரு கிணற்றின் நீரையும் சேர்த்துக் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் கிடைக்கும்.

இப்போது மகனுக்கு. தம்பி, இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை விடுவார்கள். அதே தரத்தில், சாம்பலோடு வரக்கூடிய ஆர்சனிக், ஈயம், செலினியம் ஒவ்வொன்றுக்கும் எல்லை வெறும் 0.01 மில்லிகிராம். பாதரசத்துக்கு 0.001. ஆர்சனிக் எல்லையைப் போல ஐந்து மடங்கு இருந்தாலும் 0.05தான். உன் மீட்டரில் 640 என்பது 641 ஆகக்கூட நகராது. இந்த விஷயத்தில் பாட்டியின் நாக்குக்கும் உன் மீட்டருக்கும் ஒரே குறைதான், இரண்டும் விஷ உலோகத்தைப் பிடிக்காது. பதார்த்த குண சிந்தாமணி என்ற பழைய சித்த மருத்துவ நூலில் ஆற்று நீர், குளத்து நீர், கிணற்று நீர், சுனை நீர் என்று ஒவ்வொன்றுக்கும் குணம் சொல்லியிருக்கிறது. சாம்பல் கரைத்த நீருக்கு அதில் இடமில்லை, பாவம், அந்தக் காலத்தில் யார் கண்டார்கள்!

ஆகவே ஆய்வகத்துக்குப் போகத்தான் வேண்டும். போகும்போது ‘தண்ணீர் டெஸ்ட்’ என்று மட்டும் கேட்டால் பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, இரும்பு, நைட்ரேட் பார்த்து அனுப்பிவிடுவார்கள். சல்பேட், போரான், ஆர்சனிக், செலினியம், பாதரசம், ஈயம், காட்மியம், குரோமியம் என்று எழுதிக்கொடுங்கள். உலோகத்துக்கென்று நைட்ரிக் அமிலம் விட்ட தனிப் பாட்டில் தருவார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தவர்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்களுக்கு வினிகரையும் உப்பையும்தான் அளந்து கொடுக்க முடிந்தது. மழை முடிந்து ஒருமுறை, கோடைக் கடைசியில் ஒருமுறை எடுப்பது நல்லது.

கேள்வி: அதுவரை தேத்தாங்கொட்டை, செப்புப் பானை, கொதிநீர், ஆர்.ஓ. இவற்றில் எது கைகொடுக்கும்? (அதே கடிதத்தில்)

பதில்: தேத்தாங்கொட்டை கலங்கலை அடியில் படியவைக்கும், மிதக்கும் சாம்பல் தூளும் அதோடு இறங்கும். கரைந்தது கரைந்ததுதான். செப்புப் பானை கிருமிக்கு. கொதிக்க வைப்பதும் கிருமிக்குத்தான். தண்ணீர் சுண்டச் சுண்ட உலோகத்தின் செறிவு கூடும். ஆர்.ஓ. பெரும்பாலானதை நிறுத்திவிடும். ஆனால் போரானையும் ஒருவகை ஆர்சனிக்கையும் முழுக்கப் பிடிக்காது. அறிக்கை வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ வைத்துக்கொள்ளுங்கள், கிணறு துணி துவைக்க இருக்கட்டும். தாளில் ‘குடிக்க உகந்தது’ என்ற முத்திரை மட்டும் இருந்தால் வாங்கிவராதீர்கள். எதையெதைப் பார்த்தார்கள், எவ்வளவு வந்தது என்று எண்ணோடு கேட்டு வாங்கி, எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.