கொரிய உணவகத்தில் சைவம் கிடைக்குமா?

கேள்வி: காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், தோழியருடன் வழக்கமாகச் சாப்பிடும் கொரிய உணவகத்துக்கு என்னையும் அழைக்கிறாள். சைவமான நான் அங்கே எதை உண்ணலாம்?
– ஒரு வாசகி, லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், ஆனால் கறித்துண்டு கண்ணில் படவில்லை என்பதற்காக ஒன்றைச் சைவம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முட்டைகோஸ் ஊறுகாயாகத் தோன்றும் கிம்ச்சியில், வழக்கமான செய்முறைப்படி, உப்பிட்டு நொதிக்கவைத்த சிற்றிறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். மாணவர்கள் விரும்பும் தொக்பொக்கியிலும், அரிசி மாவுத் துண்டுகளோடு மீன் அடையும், நெத்திலிக் கருவாடு வெந்த நீரும் இடம்பெறுவது வழக்கம் (கடலோரத்துக்காரர்களான நமக்கு அந்த மணம் புதிதன்று). பிபிம்பாப்பை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேளுங்கள். சூடான சோற்றின்மேல் வதக்கிய காரட், கீரை, முளைகட்டிய சோயா ஆகியவை தனித்தனியாக அடுக்கப்பட்டு வரும். கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதை அளவாக இட்டு, நன்றாகக் கிளறி உண்ணுங்கள். கொரியர்களே சோற்றைப் பெரும்பாலும் கரண்டியால்தான் உண்பதால், குச்சிகளைக் கண்டு தயங்க வேண்டாம். சிறு கிண்ணங்களில் வரும் தொடுகறிகள் கொரியாவில் இலவசம், மறுபடியும் கேட்டு வாங்கலாம். இங்கே கட்டணம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.